வலியதுறைக் கடலுக்கு இருபது எண்ணிய கதை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தன்னடக்கம் கிடையாது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். கல்யாணப் படம், உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிப் போகும்போது எடுக்கிற குரூப் படம், எஸ்டேட் துரைமார் சொந்த ஊருக்கு அனுப்புகிற மலைப் படம் என்று எல்லாம் எடுத்தாயிற்று. இந்த ஊரில் என் படம் தொங்காத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கூச்சப்படும்படியான காரியமும் ஒன்று செய்திருக்கிறேன். அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். முடிக்கும்போது அதிலும் பெருமைதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன். என் சுபாவம் அப்படி.

உங்கள் கையில் இப்போது இருக்கிற பெட்டி, கண் இமைப்பதற்குள் படம் எடுத்துவிடுகிறது. எங்கள் காலத்தில் லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, வாயால் எண்ணி, மறுபடி மாட்டுவோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற அந்த நேரம்தான் படத்தின் தலையெழுத்து. மருந்து கலப்பதும் கண்ணாடிப் பிளேட் கழுவுவதும் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். எத்தனை எண்ணுவது என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் உங்களுக்குப் பதிலாகத் தீர்மானிக்காது.

கடலைப் படம் எடுத்தால் இது நன்றாகத் தெரியும். சட்டென்று திறந்து மூடினால் அலை பல்லைக் காட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். ஒன்று எண்ணி மூடினால் அதே அலை காயப்போட்ட வேட்டி காற்றில் பறக்கிற மாதிரி இழுபட்டுக் கிடக்கும். இருபது எண்ணினால் அலையே இருக்காது. அலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் உடைகிறது, பிளேட் அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வாங்கிக்கொள்கிறது. கடைசியில் நுரையின் வெள்ளை மட்டும்தான் மிஞ்சும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. கடல் எவ்வளவுக்கெவ்வளவு கொந்தளிக்கிறதோ, படத்தில் அவ்வளவுக்கவ்வளவு வெள்ளையாக, சாதுவாக விழும். இந்த விசித்திரத்தைக் கண்டுபிடித்த கர்வத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

ஒரு வருஷம் ஓணத்தை ஒட்டி ஊரில் ஒரு சித்திரக் கண்காட்சி வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. புகைப்படத்துக்கும் ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கோயில் கோபுரத்தையும் தென்னந்தோப்பையும் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் பார்த்திராத கடல் ஒன்றைக் கொண்டுபோய் மாட்ட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. ஆனி மாதம், காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கிற சமயம். ஒரு வெள்ளிக்கிழமை காலை மழை சற்று விட்டதும் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வலியதுறைக்குப் போனேன்.

வலியதுறையில் கடலுக்குள் நீண்டு போகிற இரும்புப் பாலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிக்காரர்கள் போய்ச் சரக்கை இறக்கிப் பாலத்துக்குக் கொண்டுவருவார்கள். அவர்களுக்குத் தலைவன் லாசர். தண்டேல் என்று அழைப்பார்கள். கடலைப் பார்த்து, தோணி போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது அவன் பொறுப்பு. கூடாது என்று தோன்றினால் பாலத்தின் தலைப்பில் இருக்கும் கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றிவிடுவான். கொடி ஏறினால் அன்றைக்கு ஒரு தோணியும் இறங்காது. அதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைப்பதில்லை. தண்டேலின் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

நான் போய் இறங்கியபோது தூரத்தில் அரிசிக் கப்பல் ஒன்று நின்றது. லாசர் என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தான்.

"பிள்ளைவாள், பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவும். இன்னைக்குக் கடலு ஆள எடுக்கும்."

"நான் கடல்ல எறங்கவா போறேன் லாசரு? கரையில நின்னு பாக்கதுக்கும் ஒம்மகிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"பாக்கதுக்கு உத்தரவு வேண்டாம். பறந்து போனா நான் பெறக்கிக்கிட்டு வரமாட்டேன், கேட்டேரா?" என்று சொல்லிவிட்டுப் பாலத்தின் தலைப்பை நோக்கிப் போனான்.

சரக்குக் கிட்டங்கியின் கல்சுவர் மறைவில் முக்காலியை நிறுத்தி, அதன் கால்களில் மணல் மூட்டை கட்டினேன். அப்படியும் தலைக்கு மேல் போட்டிருந்த கறுப்புத் துணியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. துணி இல்லாமலே குத்துமதிப்பாகக் கோணம் பார்த்து, வெளிச்சத்தை மெதுவாக வாங்குகிற பிளேட்டை மாட்டி, லென்ஸ் துவாரத்தை ஊசிமுனையாகக் குறுக்கி, மூடியைக் கழற்றினேன். இருபது எண்ணி முடித்து மூடியை மாட்டும்போது என் சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

கழுவி, ஒரு பிரிண்டு போட்டுப் பார்த்தபோது எனக்கே மூச்சு நின்றுவிட்டது. பாலம் கறுப்பாகக் கம்பீரமாக நிற்கிறது. அதன் கால்களைச் சுற்றிக் கடலே இல்லை, பால் கிடக்கிறது. வானத்தில் ஒரு குறை மட்டும் இருந்தது. கம்பத்தின் பக்கத்தில் வானம் லேசாக அழுக்குப் பட்டதுபோல ஒரு திட்டு. மருந்து சரியாக ஓடாத கறை என்று நினைத்தேன். டச்சிங் பென்சிலைச் சீவி, பிளேட்டில் அந்த இடத்தை மட்டும் நுணுக்கமாக நிரப்பிவிட்டேன். அரை மணி நேர வேலை. முகப்பரு மறைக்கிற கைக்கு ஒரு கறையை மறைப்பது பெரிய காரியமில்லை. அடுத்த பிரிண்டில் வானம் சுத்தமாக வந்தது. அடியில் 'சாந்தம்' என்று பெயர் எழுதி, வழக்கம்போல் நாளையும் மணியையும் குறித்து, கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை.

கண்காட்சியில் என் படத்தின் முன்னால்தான் கூட்டம். "கடல் எப்படி இப்படிக் கிடந்தது?" என்று கேட்டவர்களிடம் சிரித்தேனே தவிரப் பதில் சொல்லவில்லை. மந்திரவாதி எங்கேயாவது தன் வித்தையைச் சொல்லுவானா? அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது கை வைக்காத படம். பென்சில் படாத பிளேட்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் நாக்குக்கு ருசி கண்டுவிட்டது. நாலாவது நாள் எனக்கே அது உண்மை என்று ஆகிவிட்டது. அந்தத் திட்டு என் நினைவிலேயே இல்லை. அரிசி வியாபாரி ஒருவருடைய ஏஜெண்டு, பெரிய பிரிண்டு ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் கேட்டது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் லாசர் என் ஸ்டூடியோவுக்கு வந்தான். படம் எடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்து நாற்காலியை நகர்த்தினேன். அவன் உட்காரவில்லை.

"பிள்ளைவாள், ஒங்க படம் எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு."

விஷயம் இதுதான். ஆனியில் அந்த வெள்ளிக்கிழமை நின்ற கப்பல், தோணி வராததால் அரிசியை இறக்காமலே கொச்சிக்குப் போய்விட்டது. வியாபாரிக்குப் பெரிய நஷ்டம். கடல் மோசமாக இருந்தது, கொடி ஏற்றியிருந்தேன் என்றான் லாசர். தோணிக்காரர்கள் சோம்பேறித்தனத்தால் வரவில்லை, கொடியும் ஏற்றவில்லை என்று ஏஜெண்டு புகார் எழுதிக்கொடுத்தார். லாசர் பக்கம் பேசத் தோணிக்காரர்கள் மட்டும்தான். பழைய துறைமுக அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர். இரண்டு பக்கமும் வாய்ச்சொல்லாக இருந்தபோது ஏஜெண்டு என் படத்தைக் கண்காட்சியில் பார்த்திருக்கிறார். அதே நாள், அதே பாலம், கடல் பாலாகக் கிடக்கிறது, கம்பம் மொட்டையாக நிற்கிறது. அடியில் என் கையெழுத்து. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்?

"கடலு பாலு கணக்கா கெடந்துதாம். கொடி ஏத்தவே இல்லியாம். நான் பொய்யனாம்" என்றான். "வியாழக்கிழமை விசாரணை. லைசென்சு போச்சுன்னா பன்னெண்டு குடும்பம் பிள்ளைவாள். தோணிய வெறகுக்குத்தான் வெட்டணும். நீரு அங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும்."

இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது. பன்னிரண்டு குடும்பம் என்று அவன் சொன்னது என் காதில் ஏறவில்லை. என் படத்தைக் குறை சொல்கிறான் என்பதுதான் ஏறியது.

"லாசரு, என் படம் பொய் சொல்லாது. அது கை வைக்காத படம்."

"அப்பம் நான்தான் பொய் சொல்லுகேன்."

"அத நான் சொல்லல்ல."

"நீரு சொன்னா என்ன, ஒம்ம படம் சொன்னா என்ன" என்று சொல்லிவிட்டு லாசர் படியிறங்கிப் போய்விட்டான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை.

வீட்டில் என் மனைவி பார்வதியிடம் புலம்பினேன். லாசர் நன்றி கெட்டவன், படத்தின் அருமை தெரியாதவன் என்றெல்லாம் அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணைக்கு வேட்டியெல்லாம் நனஞ்சுதானே வந்திய? கறுப்புத் துணியக் காத்து கொண்டு போச்சுன்னு என்னைக் கொண்டு புதுசு ஒண்ணு தைச்சும் வாங்கினியளே. அந்தக் காத்துல கடலு மட்டும் எப்படிப் பாலா கெடக்கும்?" என்றாள்.

"அது வேற. இருபது எண்ணினா எந்தக் கடலும் அப்படித்தான் விழும். அதப் புரிய வச்சிரலாம். ஆனா கொடி? படத்துல கொடி இல்லியே."

"கொடி இல்லேன்னு நீங்க பாத்தியளா, படம் பாத்துதா?"

நான் பார்க்கவில்லை. துணி பறந்துபோன பதற்றத்தில் பிளேட்டையும் மூடியையும் தவிர எதையும் பார்க்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்த இருபதை மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஏழோ எட்டோ எண்ணும்போது எண்ணிக்கை தவறப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஏன் தவறியது? பாலத்தின் தலைப்பிலிருந்து படபடவென்று ஒரே சத்தம். என் குரலே எனக்குக் கேட்காமல், பன்னிரண்டிலிருந்து கத்தித்தான் எண்ணினேன். அது என்ன சத்தம் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது யோசித்தேன்.

உடனே ஸ்டூடியோவுக்குப் போய் அந்தப் பிளேட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கம்பத்தின் பக்கத்தில் பென்சில் பூச்சு பளபளவென்று மின்னியது. நான் கறை என்று நினைத்து நிரப்பியது கறை இல்லை. இருபது எண்ணும் நேரமும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த கொடி, ஓர் இடத்தில் நில்லாததால் கொடியாக விழாமல் ஒரு மங்கலாக விழுந்திருக்கிறது. அந்த மங்கலையும் நானே என் கையால் துடைத்து எறிந்திருக்கிறேன். எவனும் சொல்லாமலே, எவனும் கேட்காமலே, ஒரு மனிதனின் கொடியை இறக்கியிருக்கிறேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு நான் தீர்மானித்தது கடல் விஷயத்தை மட்டும் விளக்குவது என்றுதான். கடல் கொந்தளித்தது என்று நிரூபித்துவிட்டால் போதாதா, பென்சில் சமாச்சாரத்தைப் பார்வதியிடம் மட்டும்தானே சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஊர் முழுக்கக் 'கை வைக்காத படம்' என்று தம்பட்டம் அடித்தவன், நாலு பேர் முன்னால் கை வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை வலியதுறைக்குப் போய், அதே கல்சுவர் மறைவில் நின்று, வெற்றிலை போட்டு மெல்லுகிற இடைவெளியில் இரண்டு பிளேட் எடுத்தேன். ஒன்று சட்டென்று மூடியது, ஒன்று இருபது எண்ணியது. லாசர் தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

வியாழக்கிழமை கிளம்பும்போது அந்த இரண்டு பிரிண்டையும் எடுத்துக்கொண்டேன். பார்வதி பழைய பிளேட்டை அதன் மரப்பெட்டியில் வைத்து, டர்ப்பன்டைன் குப்பியையும் மல் துணியையும் கூட வைத்து என் கையில் கொடுத்தாள். "இது எதுக்கு?" என்றேன். "வேண்டாம்னா கொண்டு வந்திருங்கோ" என்றாள்.

விசாரணை துறைமுகக் கட்டடத்தின் மாடியில். கடலைப் பார்த்த பெரிய ஜன்னல். அதிகாரி மலையாளி, வயது நாற்பது இருக்கும், அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் ஏஜெண்டு, பக்கத்தில் கண்ணாடி போட்ட சட்டத்தில் என் படம். மறுபக்கம் லாசரும் தோணிக்காரர்களும் சுவரோரமாக நின்றார்கள்.

"சார், மனுஷன் பொய் சொல்லுவான், போட்டோ பொய் சொல்லாது" என்று ஆரம்பித்தார் ஏஜெண்டு. "பிள்ளைவாளே கண்காட்சியில என்கிட்டச் சொன்னார். கை வைக்காத படமாம், பென்சில் படாத பிளேட்டாம். அவர் வாயாலேயே கேட்டுக்கோங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இரண்டு பிரிண்டையும் மேஜைமேல் வைத்தேன். ஒன்றில் அலை பாலத்தின் கால்களில் மோதிச் சிதறுகிறது. மற்றதில் பால் கிடக்கிறது.

"மிஸ்டர் பிள்ளை, இதில் எது கடல் மோசமான நாள்?" என்றார்.

"ரெண்டும் ஒரே நாள் சார். போன செவ்வாய்க்கெழம. வெத்தில போட்டு மெல்லுகதுக்குள்ள ரெண்டையும் எடுத்தேன். இது சட்டுனு மூடினது, இது இருபது எண்ணி மூடினது. ஆனி வெள்ளிக்கெழம எடுத்ததும் இருபது எண்ணித்தான். அண்ணைக்குக் கடலு இதவிட மூணு பங்கு ஆடிச்சு. என் துணியே பறந்து போச்சு."

அதிகாரி இரண்டு பிரிண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து ஜன்னல் வழியாகக் கடலையும் பார்த்தார். "இது கொள்ளாமல்லோ" என்று மலையாளத்தில் தனக்குள் மெச்சிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏஜெண்டு விடவில்லை.

"அவ்வளவு ஆடின கடலுக்கு ஏன் ஓய் 'சாந்தம்'னு பேர் வச்சீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பத்தானே நாலு பேரு வந்து பாப்பாங்க" என்றேன். அதிகாரிகூடப் புன்னகை செய்தார்.

"சரி, கடல் போகட்டும்" என்றார் ஏஜெண்டு. "கொடி எங்கே? கம்பம் மொட்டையா நிக்குது. இருபது எண்ணினதுல கடலு பாலா மாறும், ஒத்துக்கறேன். கொடி ஆகாசத்துல கரைஞ்சு போகுமா? கரைஞ்சாலும் ஒரு நிழலாவது விழவேண்டாமா? வானம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க சார். கை வைக்காத படம்!"

மனிதர் கெட்டிக்காரர். நிழலாவது விழவேண்டும் என்றது சரியான வார்த்தை. அதிகாரியின் முகம் மறுபடி இறுகியது. லாசர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், என் பெயர் பிழைக்கும். கடலைப் பற்றி அழகாக விளக்கினேன் என்று ஊரும் மெச்சும். இரண்டு மூன்று எண்ணுகிற நேரம்தான் நான் யோசித்திருப்பேன். அந்த நேரம் எனக்கு இருபதைவிட நீளமாக இருந்தது.

மரப்பெட்டியைத் திறந்தேன்.

"சார், ஏஜெண்டு சொல்லுகது சரி. நிழல் விழணும். விழுந்தது. நான்தான் அழிச்சேன்" என்றேன். "கை வைக்காத படம்னு ஊரெல்லாம் சொன்னது பொய். கறைன்னு நெனச்சு இந்த எடத்துல பென்சில் போட்டேன்."

மல் துணியில் டர்ப்பன்டைனை நனைத்துப் பிளேட்டில் அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தேன். பாதி துடைத்ததும் அதிகாரி, "நில்லும். இங்கே தாரும்" என்று துணியையும் பிளேட்டையும் வாங்கிக்கொண்டார். மீதியை அவரே துடைத்தார். துணியில் கறுப்பாகப் பென்சில் கரி இறங்கியிருந்ததைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பிளேட்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளியே நிஜக் கம்பம், கையில் கண்ணாடிக் கம்பம். கண்ணாடியில் கம்பத்தின் உச்சியிலிருந்து பக்கவாட்டில், விசிறி விரித்த மாதிரி ஒரு மங்கல் பளிச்சென்று தெரிந்தது.

"தண்டேல், இவிடெ வா" என்றார் அதிகாரி. லாசர் வந்து குனிந்து பார்த்தான். கையால் தொடப் போனவன், தொட்டால் அழிந்துவிடுமோ என்று விரலை இழுத்துக்கொண்டான்.

"இதாணோ நீ ஏத்தின கொடி?"

"இதுதான் சாரே" என்றான். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

லைசென்ஸ் பிழைத்தது. ஏஜெண்டு என்னை முறைத்துக்கொண்டே படத்தைச் சட்டத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு அந்த வியாபாரி வீட்டுக் கல்யாண ஆர்டர்களும் போயின. சாலையில் கொஞ்சநாள் என்னைக் 'கை வைக்காத பிள்ளை' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். எதிர்க்கடை ஸ்டூடியோக்காரர் வாடிக்கைக்காரரிடம் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாராம். சொல்லட்டும். அவரிடம் சொல்லிக்கொள்ள அப்படி ஒரு கதை உண்டா?

அன்றிலிருந்து என் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கடல் படம் எதுவானாலும் அடியில் நாளும் மணியும் எழுதுகிற இடத்தில் எண்ணிக்கையையும் எழுதுவேன். 'எண்ணிக்கை இருபது', 'எண்ணிக்கை ஒன்று' என்று. வாங்குகிறவர்கள் இது என்ன கணக்கு என்று கேட்பார்கள், விளக்கமாகச் சொல்வேன். உங்கள் பெட்டியில் எண்ணுகிற வேலை இல்லை என்றாலும் எவ்வளவு நேரம் திறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள். பாலாக ஆக்குங்கள், பல்லைக் காட்ட வையுங்கள், உங்கள் இஷ்டம், இரண்டும் அழகுதான். எப்படி ஆக்கினீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். பிளேட்டில் புரியாத ஒன்று தெரிந்தால், பென்சிலைச் சீவுவதற்கு முன் அந்த இடத்தில் அன்றைக்கு என்ன இருந்தது என்று போய்க் கேளுங்கள்.

அந்தப் பிளேட்டில் நான் மறுபடி பென்சில் வைக்கவில்லை. மங்கலோடு ஒரு பிரிண்டு போட்டு, 'சாந்தம்' என்ற பெயரை எடுத்துவிட்டு, நாளும் மணியும் எண்ணிக்கையும் மட்டும் எழுதி லாசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நேராக்கி, உள்ளே கொண்டுபோனான். பிடித்ததா பிடிக்கவில்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சில வருஷங்கள் கழித்து அவன் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டான். வீட்டுக்குள் பெட்டியை நிறுத்த இடம் பார்த்தபோது, மாதா படத்துக்கும் அந்தோணியார் படத்துக்கும் நடுவில் என் படம் தொங்குவதைக் கண்டேன். சட்டம் போட்டு, பூ வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, கொல்லத்துப் பக்கத்துக்காரர், அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "நல்ல படம். வானத்துல மட்டும் ஒரு கறை விழுந்துட்டு" என்றார்.

லாசரின் மனைவி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"கறையோ? நல்லாப் பாரும் அண்ணாச்சி. அது எங்க வீட்டு ஆளு ஏத்துன கொடி."

படம் எடுத்தவர் இவர்தான் என்று என்னைக் காட்டினாள். சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் படத்தைப் பற்றி நானே ஒரு வார்த்தைகூடப் பெருமை பேசாமல் நின்றது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு நாள்தான்.